35 கிலோ என்று பெட்டியில் போட்டிருந்தது

போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்ப்பவனுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 22 ஆண்டுகளாக என் பிழைப்பே அதுதான். மலையிலிருந்து இறங்கும் மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, சல்லடையில் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது, 7-லிருந்து 8-க்குள் எவ்வளவு விழுகிறது, லிட்டர் வெயிட் எத்தனை கிராம் என்றெல்லாம் குறித்துக்கொண்ட பிறகுதான் விலையைப் பற்றிய பேச்சே தொடங்கும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், காய்ந்து வந்தால் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். ஆகவே ஒருவர் வந்து "நூறு கிலோ இருக்கிறது" என்று சொன்னால், அது பச்சையா காய்ந்ததா, காய்ந்தது என்றால் எந்தப் பதத்துக்குக் காய்ந்தது என்று கேட்காமல் நாங்கள் தலையைக்கூட அசைக்க மாட்டோம்.

அப்படிப்பட்ட நான், ஒரு சிறிய அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்த 35 என்ற எண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிப் பணம் கட்டினேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தது ரிமோட் வண்டிக்கான ஸ்டியரிங் சர்வோ, அதாவது ரிமோட்டின் கட்டளைப்படி முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார்க் கருவி. அதை வாங்கி ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வண்டியும் இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் நான் எங்கே ஏமாந்தேன், அல்லது ஏமாறவே இல்லையா என்கிற கேள்வி மனத்தில் அடங்காமல் கிடப்பதால் இதை எழுதிப் பார்க்கிறேன்.

பாறைகளின் மேல் மெதுவாக ஏறுவதற்கென்றே செய்த கிராலர் என்னும் ரிமோட் வண்டிகளின் மேல் எனக்கு வந்த மோகத்துக்கு எங்கள் ஊரே காரணம். விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரள எல்லைக்குள் பூப்பாறை, சாந்தன்பாறை என்று பிரிந்து, தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து எஸ்டேட் பாதையில் அவை ஏறத் தொடங்கும்போதுதான் உண்மையான பயணமே ஆரம்பமாகும். சிறுவனாக இருந்தபோது விடுமுறை நாள்களில் அம்மாவோடு காய் பறிக்கும் தோட்டத்துக்கு அப்படிப் போயிருக்கிறேன். பாறை ஒன்றின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி, ஒரு கணம் நின்று, யோசித்து, பிறகு அடுத்த சக்கரத்தை நகர்த்துகிற அந்த மெதுவான ஏற்றத்தில் நான் கண்ட அழகை எந்த வேகமான வண்டியிலும் கண்டதில்லை. 40 வயதைத் தாண்டிய பிறகு பத்தில் ஒரு பங்கு அளவில் அதையே கையில் வைத்துக்கொண்டு கொட்டகுடி ஆற்றங்கரையில் குனிந்து நிற்கிறேன். வீட்டில் இதற்குப் பெயர் "அப்பாவின் பொம்மை".

சிக்கிக்கொண்ட சக்கரம்

வண்டியோடு வந்த சர்வோ, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எம்ஜி996ஆர் வகையின் தரத்தில் இருந்தது. அதாவது 6 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய 11 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை: தண்டின் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 11 கிலோ விசை. இதைத்தான் சுருக்கமாகக் கிலோ என்கிறார்கள். சமதரையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆற்றுப் பாறைகளுக்கு நடுவில் மட்டும் அது கைவிட்டுவிடும். இரண்டு கற்களுக்கிடையில் முன்சக்கரம் சொருகிக்கொண்டு நிற்கும்போது நான் ரிமோட்டில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புவேன். சர்வோ "ம்ம்ம்" என்று முனகும். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். கிராலரில் ஸ்டியரிங்குக்கு வேலை அதிகம் என்பது அப்போதுதான் புரிந்தது. முன் அச்சு பூட்டப்பட்டிருப்பதால் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். திரும்பும்போது ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தாக வேண்டும். டயரோ கல்லைப் பற்றிக்கொள்வதற்கென்றே செய்த மென்மையான ரப்பர். போதாததற்கு, ஏற்றத்தில் வண்டி பின்னால் மல்லாந்துவிடாமல் இருக்க முன்சக்கரங்களின் முட்டியில் பித்தளை எடையையும் நானே மாட்டி வைத்திருந்தேன். அத்தனையையும் சேர்த்துத் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி திருப்ப வேண்டும்.

"மூன்று கிலோ வண்டிக்கு முப்பது கிலோ சர்வோ எதற்கு?" என்று என் தங்கை மகன் கேட்டான். கேள்வி நியாயமானது, அதற்காகவே உட்கார்ந்து அளந்தேன். சர்வோவின் தலையில் மாட்டும் கை, அதாவது ஹார்ன், 2.5 சென்டிமீட்டர் நீளம். 11-ஐ 2.5-ஆல் வகுத்தால் அந்தக் கை ராடைத் தள்ளும் விசை 4.4 கிலோதான். அந்த ராடு போய்ச் சேரும் சக்கர முட்டியின் கை என் வண்டியில் 2 சென்டிமீட்டர். டயரின் ஆரம் 6 சென்டிமீட்டர். கல் மோதி நிற்பது பெரும்பாலும் டயரின் முன் விளிம்பில். ஆகவே விளிம்பில் 1 கிலோ எதிர்ப்பு இருந்தால் ராடில் 3 கிலோ தேவைப்படுகிறது. 4.4-ஐ மறுபடியும் 3-ஆல் வகுத்தால், கல்லைத் தள்ளுவதற்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அதாவது வண்டியின் எடையில் பாதி. மருமகன் கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்போ முப்பத்தஞ்சே வாங்கிருங்க மாமா" என்றான். இந்த விஷயத்தில் அவனுக்குத் தாராள மனம், பணம் என்னுடையது.

தேடத் தொடங்கினால் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே எண்ணைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள்: 20 கிலோ, 25 கிலோ, 35 கிலோ, அதற்கும் மேலே. மற்றவற்றில் நான் கவனமாகவே இருந்தேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். பற்சக்கரங்கள் முழுவதும் எஃகாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். கிராலரில் கல் சக்கரத்தைத் திடீரென்று எதிர்த்திசையில் உதைக்கும். அந்த உதை நேராகப் பற்களுக்குப் போகும். பித்தளைப் பல் அதில் மழுங்கிவிடும். ஆற்றில் ஓடும் வண்டி என்பதால் தலைத்தண்டைச் சுற்றி நீர் புகாத வளையம் உண்டா என்று கேட்டேன். வேகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. 60 பாகை திரும்ப 0.15 வினாடி ஆனால் என்ன, 0.2 ஆனால் என்ன, கல் காத்திருக்கும். தலைத்தண்டின் பல் எண்ணிக்கையில் மட்டும் சறுக்கினேன். சர்வோ 25 பல். நான் தனியாக வாங்கிய அலுமினிய ஹார்ன் 24 பல். சுத்தியலால் தட்டி ஏற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆற்றில் அணைந்த வண்டி

புதிய சர்வோவை மாட்டி மேசையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது விரலால் பிடித்து நிறுத்த முடியவில்லை. மகிழ்ச்சியோடு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் கொண்டுபோனேன். முதல் பாறையில் முன்சக்கரம் சிக்கியது, ஸ்டியரிங்கைத் திருப்பினேன், சக்கரம் கொஞ்சம் அசைந்தது, அத்துடன் வண்டி முழுவதும் செத்துவிட்டது. ஓரிரு வினாடி கழித்துப் புதிதாக ஸ்விட்ச் போட்டதுபோல "பீப்" என்று கத்திவிட்டு மறுபடியும் உயிர் வந்தது. மறுபடியும் திருப்பினேன், மறுபடியும் செத்தது. ரிமோட்டின் சிக்னல்தான் விட்டு விட்டு வருகிறது என்று நான் முடிவு கட்டினேன். அடுத்த மூன்று வாரங்கள் அந்த முடிவைச் சுற்றியே கழிந்தன. ரிமோட்டின் சிக்னலை வண்டிக்குள் வாங்கும் ரிசீவரின் ஆன்டெனாக் கம்பியை வெளியே இழுத்துக் கட்டினேன், ரிமோட்டோடு மறுபடி இணைத்தேன், பிளக்குகளைத் துடைத்தேன், கடைசியில் ரிசீவரையே மாற்றினேன். சர்வோவின் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வருமா, 35 கிலோ ஆயிற்றே.

அன்றும் ஞாயிறு. ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் ஆற்றோரமாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். 30 ஆண்டுகளாக மலைக்கு ட்ரிப் அடிப்பவர். என் அம்மாவை ஏற்றிப் போனதும் அவர்தானோ என்னவோ. பொழுது சாய்ந்துகொண்டிருந்ததால் என் வண்டியின் சின்ன ஹெட்லைட்டுகளைப் போட்டிருந்தேன். ரிசீவரில் காலியாக இருந்த ஓர் இடத்தில் சொருகி எரியும் எல்இடி விளக்குகள் அவை. அவர் துணியைப் பிழிந்துகொண்டே பின்னால் வந்து நின்று நான் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதலில், நின்ற இடத்தில் வைத்து ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், அரை அடி நகர்த்திக்கொண்டே ஒடியுங்கள் என்றார். பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பில் கையாலேயே கற்ற பாடம் அது. என் பொம்மைக்கும் பொருந்தும் என்று உடனே தெரிந்தது. பிறகு, "தம்பி, அது சாகுறதுக்கு முன்னாடி லைட்டு மங்குதே, பாத்தீங்களா?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை; என் கண் எப்போதும் சக்கரத்தில்தான் இருந்தது. மறுபடி திருப்பினேன். விளக்குகள் மஞ்சளாகிச் சுருங்கி, பிறகுதான் அணைந்தன. "நம்ம வண்டியும் செல்ஃப் அடிச்சா இப்படித்தான் மங்கும். சிக்னல் கிக்னல் ஒண்ணும் இல்ல, கரண்டு பத்தல" என்று சொல்லிவிட்டுத் தம் ஜீப்பின் பின்சக்கரத்தைக் கழுவப் போய்விட்டார்.

மூன்று வாரங்களாக என் கண்ணெதிரே மங்கிக்கொண்டிருந்த விளக்கை ஒருவர் மூன்று நிமிடத்தில் பார்த்துவிட்டார். வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து, அம்மிக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் முன்சக்கரத்தைச் சொருகி, ரிசீவரில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சும்மா இருக்கும்போது 6 வோல்ட் காட்டிய மீட்டர், சர்வோ இழுத்த கணத்தில் 4-க்குக் கீழே இறங்கியது. என் மீட்டர் மெதுவானது. உண்மையான பள்ளம் அதைவிட ஆழமாகவே இருந்திருக்கும். அந்த அளவுக்கு மின்னழுத்தம் விழுந்தால் ரிசீவருக்கு நினைவு தப்பிவிடும். மின்சாரம் மீண்டதும் அது புதிதாக எழுந்து உட்காரும். மோட்டாரை ஓட்டும் இ.எஸ்.சி. பெட்டிக்குள்ளேயே இருக்கும் பி.இ.சி.தான் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருகிறது. என்னுடையதில் அது 6 வோல்ட், 3 ஆம்பியர். புதிய சர்வோவோடு வந்த துண்டுத்தாளை அன்றைக்குத்தான் விரித்துப் படித்தேன்: அசையாமல் பூட்டிக்கொண்டு நின்றால் 6 வோல்ட்டிலேயே 4 ஆம்பியருக்கு மேல் கேட்கும் என்று போட்டிருந்தது.

அதே தாளில் இன்னொரு வரிசையும் இருந்தது. 8.4 வோல்ட்டில் 35 கிலோ, 7.4 வோல்ட்டில் 31, 6 வோல்ட்டில் 27. பெட்டியின் மேல் எழுதியிருந்தது பொய்யில்லை. அது என் வண்டியில் இல்லாத ஒரு மின்னழுத்தத்தில் அளந்த உண்மை. இரண்டு செல் லைப்போ பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஏறியிருக்கும்போது மட்டும் காட்டுகிற அளவு 8.4. அந்தப் பேட்டரியின் மின்சாரம் பி.இ.சி. வழியாக வரும்போது 6-தான். அந்த 27 கிலோவும் சர்வோ கேட்கிற ஆம்பியர் முழுவதும் கிடைத்தால்தான் வரும். மோட்டாரின் முறுக்குவிசை அதற்குள் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. 4 கேட்கும் இடத்தில் 3-க்கு மேல் கொடுக்க வழியில்லை என்றால் மீதி விசை எங்கிருந்து வரும்? இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. முறுக்குவிசை எண் என்பது சர்வோ முற்றிலும் நின்றுவிட்ட நிலையில் அளப்பது; வேக எண் என்பது எந்தச் சுமையும் இல்லாமல் சுழலும் நிலையில் அளப்பது. பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அந்த இரண்டும் ஒரே கணத்தில் ஒருபோதும் சேர்ந்து வருவதில்லை. பச்சைக்காயின் எடையையும் காய்ந்த காயின் விலையையும் ஒரே சீட்டில் எழுதிக்கொண்டு வந்து ஒருவர் என்னிடம் நீட்டினால் நான் சிரித்திருப்பேன். இங்கே அதே சீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தனி வழி

முதலில் மலிவான வைத்தியம் ஒன்றைச் செய்து பார்த்தேன். ரிசீவரில் சொருகுகிற பெரிய கெப்பாசிட்டர் கிடைக்கிறது. சர்வோ சட்டென்று இழுக்கும் சிறிய பள்ளங்களை அது நிரப்பிவிடும். சக்கரம் கல்லில் மாட்டிக்கொண்டு சர்வோ இரண்டு மூன்று வினாடி தொடர்ந்து இழுத்தால் அதில் சேமித்தது தீர்ந்து, பழைய கதைதான். பிறகு 10 ஆம்பியர் தாங்கும் தனி பி.இ.சி. ஒன்றை வாங்கினேன். அதன் உள்பக்கம் நேராகப் பேட்டரிக்குப் போகிறது. வெளிப்பக்கத்தின் சிவப்புக் கம்பி சர்வோவுக்கு மட்டும். சிக்னல் கம்பி எப்போதும்போல ரிசீவரிலிருந்து வருகிறது. கறுப்புக் கம்பி எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலுக்கு அர்த்தமே இருக்காது. சர்வோவுக்கு ஏன் தனி வழி என்றால், பி.இ.சி.யை 7.4-க்கு ஏற்றி ரிசீவரிலேயே கொடுத்துவிட்டால், அங்கே சொருகியிருக்கும் விளக்குகளும், கியர் மாற்றுவதற்கு இருக்கும் சிறிய சர்வோவும் அதே 7.4-ஐத்தான் குடிக்கும், 6 வோல்ட்டுக்குச் செய்த சின்னக் கருவி அதில் வெந்துபோகும். இப்படிக் கம்பி போட்ட பிறகு வண்டி ஒரு முறைகூட ஆற்றில் அணையவில்லை.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் கேட்ட மின்சாரம் முழுவதும் கிடைத்தவுடன் சர்வோ தன் பலத்தைக் காட்டத் தொடங்கியது. 7.4 வோல்ட்டில் ஓட்டிய இரண்டாம் வாரமே, சக்கரம் சிக்கிய இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் அசைவதற்குப் பதிலாகச் சர்வோவே அச்சின் மேல் சாய்வதைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் தாங்கி வளைந்துகொண்டிருந்தது. கூடவே ராடும் நடுவில் லேசாக வில்போல வளைந்திருந்தது. இந்த வண்டியின் முன்பகுதி முழுவதும் 11 கிலோ சர்வோவுக்காகச் செய்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. தாங்கியை அலுமினியத்துக்கும் ராடை எஃகுக்கும் மாற்றினேன், அதோடு பி.இ.சி.யை மறுபடியும் 6 வோல்ட்டுக்கே இறக்கிவிட்டேன். மருமகனுக்கு இது பிடிக்கவில்லை; காசு கொடுத்து வாங்கிய 35-இல் 8 கிலோவைச் சும்மா விடுகிறேன் என்று அவன் வாதம். 27-ஐ 2.5-ஆல் வகுத்துப் பிறகு 3-ஆல் வகுத்தால் டயரின் விளிம்பில் 3.6 கிலோ, வண்டியின் மொத்த எடையைவிட அதிகம். அதற்கு மேல் தள்ளினால் கல் நகராது, வண்டிதான் ஒடியும்.

ரிமோட்டில் இருக்கும் எல்லைத் திருத்தத்தையும் சர்வோ மாற்றிய அன்றே செய்திருக்க வேண்டும். சக்கர முட்டி இரும்பில் போய் முட்டிய பிறகும் ரிமோட் "இன்னும் திரும்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தால், சர்வோ வெறும் உலோகத்தோடு மல்லுக்கட்டி, முனகி, சூடேறி, ஆம்பியரைத் தின்றுகொண்டே இருக்கும். பழைய சர்வோ மெலிந்தது. முட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. புதியதில் அந்த முனகல் காதில் விழுகிற வரை திருப்பி, விழுந்தவுடன் இரண்டு புள்ளி குறைத்து, இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியாக எல்லை போட்டேன். ஐந்து நிமிட வேலை. செலவு ஒரு பைசா இல்லை. அதற்குப் பிறகு சர்வோவின் உடம்பு தொட்டால் சுடுவதே குறைந்துவிட்டது.

இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால், பேட்டரியிலிருந்து தொடங்கச் சொல்வேன்: சர்வோவின் வாசலுக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வந்து சேர்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த வரிசையில் என்ன கிலோ எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நான் மறுபடி வாங்குவதாக இருந்தால், என் வண்டிக்கு 25 கிலோ வகுப்பில், எஃகுப் பல் உள்ள ஒன்றை எடுத்து, மிச்சப் பணத்தில் தனி பி.இ.சி.யும் சரியான பல் எண்ணிக்கையில் ஓர் அலுமினிய ஹார்னும் வாங்குவேன். மூன்று செல் பேட்டரியிலேயே நேராக மாட்டி ஓட்டுகிற சர்வோக்களும் இருக்கின்றன, பி.இ.சி. தொல்லையே இல்லை. அவற்றின் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன்.

போன மாதம் ஆற்றில் அந்த ஜீப் அண்ணனை மறுபடியும் பார்த்தேன். ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் வண்டியைப் பாறையின் அடியில் கொண்டுபோய், நிறுத்தாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே திருப்பி, என்னைவிட அழகாக ஏற்றினார். விளக்கு மங்குகிறதா என்று ஒரு கண் அதிலேயே இருந்தது, மங்கவில்லை. "இப்ப சரியாயிருச்சு" என்று ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இருட்டிவிட்டதால் முதலில் ஹெட்லைட்டைப் போட்டார், பிறகு செல்ஃப் அடித்தார். இரண்டு விளக்குகளும் மஞ்சளாகிச் சுருங்கின. வண்டி மூன்றாவது தடவையில்தான் கிளம்பியது.